மிதிக்க முடிந்தால் போதுமா?



முழங்கால் ஜவ்வு கிழிந்தவர் மறுபடி சைக்கிள் ஏறுவது எப்படி என்று பேசச் சொல்லிச் சைக்கிள் நண்பர்கள் என்னை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நான் மருத்துவன் அல்ல. ஜவ்வு அறுந்தவன், மறுபடி ஏறியவன். அந்த ஒரு தகுதியில்தான் இந்த மேடையில் நிற்கிறேன். ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். மிதிக்க முடிகிறது என்பது வேறு, முட்டி தேறிவிட்டது என்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று நம்பி நான் பட்ட பாட்டை இங்கே இருக்கும் ஒருவர்கூடப் படக் கூடாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், காற்றடித்துச் சாலை ஓரத்தில் மணல் சேர்ந்து கிடக்கும். முட்டுக்காடு பக்கத்தில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினேன். முன்சக்கரம் மணலில் இறங்கியது. ஷூவைப் பூட்டிப் பிடிக்கும் கிளிப் பெடல் அது. இடது காலை அதிலிருந்து கழற்றித் தரையில் ஊன்றிவிட்டேன். வலது கால் கழலவில்லை. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது, உடம்பும் அதோடு திரும்பியது, ஊன்றிய கால் மட்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். காதால் கேட்டேனா, எலும்பு வழியாகக் கேட்டேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். அதே சைக்கிளில் ஏறி, 20 கிலோமீட்டர் போல மிதித்து, திருவான்மியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஜவ்வு முழுதாக அறுந்த காலோடு! மிதிக்க முடிந்ததே, அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முட்டி தேங்காய்போல் வீங்கிவிட்டது.

முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், ஒரு வாரம் கட்டுப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நண்பர்களே, எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. இதை நினைவில் வையுங்கள். அடிபட்ட நேரத்தில் 'டப்' என்ற சத்தம், அடுத்த சில மணி நேரத்தில் வீக்கம், இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய்க் கையால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்ந்த கை, முட்டியை லேசாக மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும். ஜவ்வு இருந்தால் இழுக்கும்போது ஓரிடத்தில் 'டக்'கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காமல் வரும்.

எனக்கு அந்தச் சோதனை நடந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் வீக்கம் வடிந்து, நான் சாதாரணமாக நடக்க ஆரம்பித்திருந்தேன். மார்க்கெட்டில் யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினேன். அவ்வளவுதான் செய்தேன். முட்டி கழன்றதுபோல் மடங்கி, தக்காளிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ. அதில்தான் தெரிந்தது, ஏ.சி.எல். அறுந்திருக்கிறது, பக்கத்திலிருந்த மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது என்று.

ஏ.சி.எல். என்பது என்ன? நம் முட்டியை நான்கு ஜவ்வுகள் கட்டி வைத்திருக்கின்றன. இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக வெளியே. இரண்டு, மூட்டின் நடுவில், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக. அந்தக் குறுக்கு ஜவ்வில் முன்னால் இருப்பதுதான் ஏ.சி.எல். நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம், பருமன் ஏறக்குறைய சுண்டு விரல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் பிடிப்பதும், கால் முறுக்கிக்கொள்ளும்போது காப்பதும் அதன் வேலை. பக்க ஜவ்வுகளில் உட்பக்கத்தில் இருப்பது கிழிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் ஆறிவிடும். இது அப்படி எளிதில் ஆறாது. ஏன்? இது மூட்டு நீருக்குள் இருக்கிறது. காயத்தில் ரத்தம் உறைந்து, அறுந்த இரண்டு முனையையும் பாலம்போல் இணைத்தால்தான் சதை கூடும். மூட்டு நீர் அந்த உறைவைத் தங்க விடுவதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஆபரேஷன்தானா? இல்லை. சுவீடனில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2010-ல் வெளிவந்தது. ஏ.சி.எல். அறுந்த, துடிப்பாக விளையாடிக்கொண்டிருந்த 121 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், அதோடு பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னால் ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஒரே நிலையில் இருந்தன. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். இரண்டாவது பிரிவில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள், மீதிப்பேருக்கு அது தேவைப்படவே இல்லை. ஆகவே அவசரப்பட்டுக் கத்திக்குப் போகாதீர்கள், கத்திக்குப் பயந்தும் ஓடாதீர்கள். எனக்கு மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது, முட்டியும் அடிக்கடி கழன்றது. மருத்துவர் ஆபரேஷன் சொன்னார், ஒப்புக்கொண்டேன். என் பின்தொடையிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புது ஜவ்வாகக் கட்டினார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்து வேலை. அதை மருத்துவர் செய்வார். அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதம், பத்து மாதம் யாருடைய வேலை?

வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு. அம்மா ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முட்டிக்கு அடியில் வைத்தார். கால் லேசாக மடங்கியதும் வலி குறைந்தது. சொர்க்கம்போல் இருந்தது. மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்ன வயதுப் பெண். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தலையணையைப் பார்த்தார். உருவி எடுத்தார். "அம்மா, இதை இங்கே வைக்காதீங்க. குதிகாலுக்குக் கீழே வைங்க" என்று சொல்லி, குதிகாலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். முட்டி அந்தரத்தில் நின்றது. அதன் பாரமே அதைக் கீழே அழுத்தியது. வலியில் உயிர் போயிற்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் செய்ததுதான் சரி. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுத்திருந்தால் மூட்டு அந்த மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முதல் சில வாரத்தில் முழுதாக நீட்ட வராத கால், பிறகு நீள்வது மிகவும் கஷ்டம். பிள்ளைகளோடு கூடவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், பிள்ளை வலியில் கத்தினாலும் தலையணையைக் குதிகாலுக்கே வையுங்கள்.

இதை நம் சைக்கிள்காரர்களிடம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பெடல் அடியில் இருக்கும்போது உங்கள் கால் முழுதாக நீண்டிருக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. சீட் சரியான உயரத்தில் இருந்தால், அப்போதும் முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கித்தான் இருக்கும். அதாவது, காலை நீட்டவே வராத ஒருவர் நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டலாம். சைக்கிள் அந்தக் குறையை அவருக்குச் சொல்லவே சொல்லாது. இறங்கி நடக்கும்போதுதான் நொண்டுவது தெரியும்.

அடுத்தது தசை. முட்டிக்குள் நீர் கோத்தால் முன்தொடைத் தசையை மூளை அணைத்துவிடுகிறது. 20, 30 மில்லி நீர் கூடினாலே போதும், முட்டிக்கு மேலே உட்பக்கமாக இருக்கும் சதைத் திரட்சி வேலை செய்ய மறுக்கும். 'தொடையை இறுக்குங்க' என்றார் அந்தப் பெண். நான் இறுக்கினேன். பல்லைக் கடித்தேன், கைமுஷ்டி மூடியது, வயிறு இறுகியது, தொடை மட்டும் அசையவில்லை. வருடக்கணக்காக மலை ஏறிய தொடை! நான்காவது நாள் ஒரு சின்னத் துடிப்பு வந்தது, மீன் வாலை ஆட்டியதுபோல. அன்றைக்கு நான் அழுதேன்.

மூன்றாவது வாரம் நிலைச் சைக்கிளில் உட்கார வைத்தார்கள். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முட்டி 105, 110 டிகிரியாவது மடங்க வேண்டும். எனக்கு அப்போது 100-ஐத் தொடவில்லை. சீட்டை உயர்த்தி வைத்தார்கள். முன்னால் பாதி, பின்னால் பாதி, ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஆட்டினேன். அப்படியே ஐந்து நாள். ஆறாம் நாள் பின்னோக்கி ஒரு சுற்று, மேலே வந்த இடத்தில் ஒரு தயக்கம், அப்புறம் வழுக்கிக்கொண்டு தாண்டிவிட்டது. அதற்கடுத்த நாள் முன்னோக்கி. இந்த அரங்கத்தில் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தில் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் இருக்கிறீர்கள். நானும் ஒருமுறை முடித்தவன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சுற்றுத் தந்த சந்தோஷத்தை அது எனக்குத் தரவில்லை.

சைக்கிள் முட்டிக்கு நல்ல மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உயிருள்ள மனிதர்களின் ஏ.சி.எல். ஜவ்விலேயே ஒரு நுண்கருவியைப் பொருத்தி, நிலைச் சைக்கிள் மிதிக்கும்போது அது எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்து 1998-ல் வெளியிட்டார்கள். சராசரி உச்சம் 1.7 சதவீதம்தான். நிமிஷத்துக்கு 80 சுற்று என்று இலேசான கியரில் ஒரு மணி நேரம் மிதித்தால், முட்டி 4,800 தடவை மடங்கி நீள்கிறது, உடம்பின் பாரம் அதன்மேல் முழுதாக இறங்காமலே. இப்படி ஒரு வசதி எத்தனை உடற்பயிற்சியில் உண்டு?

ஆனால் அந்த மருந்தில்தான் நான் ஏமாந்தேன். எப்படி?

புதிதாகக் கட்டிய ஜவ்வு முதல் நாளில் வெறும் கயிறு, உயிரில்லாத நாண். உடம்பு மெல்ல மெல்ல அதற்குள் ரத்த நாளங்களை அனுப்பி, பழைய இழைகளைக் கரைத்து, புது இழைகளை நெய்கிறது. கரைப்பது முந்திக்கொள்கிறது, நெய்வது பிந்திக்கொள்கிறது. அதனால் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது முதல் நாளைவிட வலுக்குறைந்து இருக்கும். அது முழுதாக முதிர்வதற்கு ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அதே வாரங்களில்தான் வலி போகிறது, வீக்கம் வடிகிறது, தூக்கம் வருகிறது, 'நான் நன்றாகிவிட்டேன்' என்ற எண்ணமும் வருகிறது. வலி குறைகிற நேரமும் ஜவ்வு வலுக்குறைகிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதைவிடப் பெரிய பொறி வேறென்ன இருக்க முடியும்?

நான்காவது மாதம் சாலையில் ஓட்ட அனுமதி கிடைத்தது. சமதரை, ஒரு மணி நேரம், இலேசான கியர் என்று எழுதியே கொடுத்தார்கள். நான் ஐந்தாவது மாதம் ஏலகிரிக்குப் போனேன். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவிட்டேன். மேலே நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். இறங்கி வந்த இரவு முட்டி மறுபடி வீங்கியது. புது ஜவ்வுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் நல்ல காலம். ஆனால் ஆறு வாரம் வீணாய்ப் போயிற்று.

அந்தப் பெண்ணிடம் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்தார். முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் அளந்து பேனாவால் ஒரு புள்ளி வைத்தார், இரண்டு காலிலும். அந்த இடத்தில் தொடையைச் சுற்றி அளந்தார். வலது கால் 52. இடது கால் 48.5. "சார், ஏலகிரி ஏறினது யாரு?" என்று கேட்டார்.

யார் ஏறினது? என் வலது கால்! நண்பர்களே, இரண்டு பெடலும் ஒரே அச்சில் கோத்தவை. ஒரு கால் மிதித்தால் மற்றது தானாகச் சுற்றி வரும். அடிபட்ட கால் சும்மா கூடவே போய்க்கொண்டிருக்கும், நல்ல கால் இரண்டு பேர் வேலையைச் செய்யும். கிலோமீட்டர் ஏறும், வேகம் ஏறும், நோஞ்சான் கால் நோஞ்சானாகவே இருக்கும். அன்றிலிருந்து ஒற்றைக் கால் பயிற்சிதான் என் வேலை. இடது காலால் மட்டும் படி ஏறி இறங்குவது, இடது காலால் மட்டும் நாற்காலியிலிருந்து எழுவது. முதலில் மூன்று முறைகூட முடியவில்லை. சைக்கிள் எனக்குச் சொல்லாததை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சைக்கிள் சொல்லாது. பெடல் மிதிக்கும்போது முட்டி நேராக மடங்கி நீள்கிறது, முறுக்கிக்கொள்வதில்லை. ஆனால் முறுக்கலைத் தாங்குவதும் ஏ.சி.எல். செய்யும் வேலைதானே? அதைச் சோதிக்காமல் எப்படித் தேறியதாகச் சொல்வது? அதற்குத்தான் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொல்கிறார்கள். 'நான் சைக்கிள்காரன், நான் ஏன் ஒற்றைக் காலில் குதித்துக் காட்ட வேண்டும்?' என்று நானே கேட்டிருக்கிறேன். நாய் குறுக்கே வந்தால்? பள்ளத்தில் சக்கரம் இறங்கினால்? அவசரத்தில் கால் ஊன்றினால்? அந்த நேரத்தில் நீங்கள் சைக்கிள்காரர் இல்லை, ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கால்பந்துபோல் திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டக்காரர்களைப் பற்றியது. ஒன்பதாவது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது அது. நமக்கும் அந்த ஒன்பது மாதம் நல்ல கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

கிளிப் பெடல் போடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். காலைக் கழற்றக் குதிகாலை வெளியே முறுக்குகிறோம். அது ஆறாத முட்டிக்கு ஆகவே ஆகாது. மருத்துவர் சொல்லும்வரை சாதாரணத் தட்டைப் பெடல் போடுங்கள். பிறகு கிளிப்புக்குப் போனாலும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஷூவின் அடியில் மாட்டும் கிளீட்டைச் சில டிகிரியாவது பாதம் அசைய இடம் தருவதாகப் பாருங்கள்.

வால்வெர்தேயைப் பாருங்கள் என்று என்னிடம் சொன்ன நண்பர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சைக்கிள் வீரர் அலெஹாந்த்ரோ வால்வெர்தே, 2017 டூர் டி பிரான்ஸின் முதல் நாளே டுசெல்டார்ஃபில் ஈரச் சாலையில் விழுந்து முட்டிச் சில்லை உடைத்துக்கொண்டார். 2018-ல் இன்ஸ்புருக்கில் உலக சாம்பியன் ஆனார், 38 வயதில். பெரிய சாதனை, தலைவணங்குகிறேன். ஆனால் உடைந்தது எலும்பு. எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, அது கூடிவிடும். அந்தக் கணக்கை ஜவ்வுக்குப் போடாதீர்கள். எனக்குத் தெம்பு கொடுத்தவர் பிரெஞ்சுச் சைக்கிள் வீரர் பெர்னார் ஹினோ. 1980 டூர் டி பிரான்ஸில் முட்டி வலி. மஞ்சள் சட்டை அவர் மேல்தான் இருந்தது, அவர்தான் முன்னணியில் இருந்தார். அந்த நிலையில் போ நகரத்தில் போட்டியை விட்டு விலகினார். 1983-ல் முட்டியில் ஆபரேஷன், அந்த வருடம் டூருக்கே வரவில்லை. 1985-ல் வந்து ஐந்தாவது முறையாக வென்றார். அவருக்கு வந்தது தசைநாண் கோளாறு, என் காயம் வேறு. ஆனால் மஞ்சள் சட்டையோடு இறங்கிப் போன அந்த மனத்திடம்தான் எனக்கு ஏலகிரி அடிவாரத்தில் இல்லாமல் போயிற்று.

ஒரு தங்கையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. நம்மோடு ஓட்டுகிறவர்தான். அவருக்கும் இதே ஆபரேஷன். எனக்கு அம்மா சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். அந்தத் தங்கை பதினைந்தாம் நாள் ஊன்றுகோலைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு நேரம் கேட்டால், 'இன்னும் எத்தனை நாளைக்கு இது?' என்று வீட்டில் கேட்டார்களாம். ஒன்பது மாதத்துக்கு என்று இந்த மேடையிலிருந்து அந்த வீட்டுக்குச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அவரை அவர் காலோடு விட்டுவிடுங்கள். குனிந்து துடைப்பதை, தரையில் குந்திச் செய்யும் வேலையை வேறு யாராவது செய்யுங்கள். அவரைவிட நல்ல ஓட்டுநர் நம் கூட்டத்தில் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

பதினோராவது மாதம் நான் மறுபடி மாமல்லபுரம் போனேன். முட்டுக்காட்டில் அந்த மணல் அப்படியே இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு தாண்டினேன். இன்று என் இடது தொடைக்கும் வலது தொடைக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் மிச்சம் இருக்கிறது. ஒற்றைக் கால் பயிற்சியை இன்றும் நிறுத்தவில்லை.

இந்த அரங்கத்தில் முட்டியில் அடிபட்டவர்கள் இருப்பீர்கள். 'மிதிக்க முடியுதே' என்று நினைத்துக்கொண்டே வந்திருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள். தையல் டேப் என் பையில் இருக்கிறது. இரண்டு தொடையையும் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.